செலவுப் பக்கம்

வளாகம் தந்தது பதினையாயிரம் ரூபாய், பத்து வாரம்.
கருவாட்டுச் சம்பலைப் போத்தலில் அடைத்தோம்.

விலை எழுதிய மட்டையைக்
கோட்டையடி மான் ஒன்று தின்றுவிட்டது.
கிண்ணியா பஸ்ஸில் ரெண்டு போத்தல் கசிய
கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டே
ஒன்று வாங்கினார்.

இலாபம்: நாலாயிரத்து இருநூறு.

கொட்பேயில் ஐஸ் தொழிற்சாலை நடத்தும்
வழிகாட்டி பிரிசில்லா
கொப்பியைப் புரட்டினார். வாழ்த்தவில்லை.
"இரவிரவாய் வதக்கினது ஆர்?"

பஸ்மிலா கை உயர்த்தினாள்.
விரல் நுனியில் எண்ணெய்க் கொப்புளம்.

"இவவின்ர கூலி எந்தப் பக்கத்தில?"

துவாரகன் கல்குலேட்டரை அணைத்தான்.
நான் பென்சில் எடுத்து
செலவுப் பக்கத்தில் அவள் பெயரை எழுதி
நிமிர்ந்தேன்.
மணிக்கு எவ்வளவு என்று
அவளைத்தான் கேட்கவேண்டும்.

கொப்புளத்தை ஊதியபடி
யோசிக்கிறாள்.