வாய் திறக்கும் நேரம்

ஹைட்ராவுக்கு வாய் கிடையாது.
கிடையாது என்பதும் சரியில்லை.
தின்ன வரும்போது தன்னையே கிழித்துக்கொள்ளும்,
தின்று முடித்ததும் ஒட்டிக்கொள்ளும்,
தழும்பு தெரியாது.
ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு புது வாய்.

தருமபுரி காலேஜ், விலங்கியல் ஆய்வகம், பத்து இருபது.
நான்கு கிண்ணம், கிண்ணத்துக்கு ஐந்து,
பாவாடை ஓரத்து நூல் பிசிறு மாதிரி.
சேலம் ரோட்டில் லாரி போனால்
இருபதும் சுருண்டு புள்ளியாகிவிடும்.
நீளும்வரை காத்திருக்க வேண்டும்.

ராத்திரி உப்பு நீரில் பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகளை
டீ வடிகட்டும் துணியில் அலசி
ஆளுக்குப் பத்தாக எண்ணி விடுகிறேன்.
மாதையன் அண்ணன் ஸ்டாப்வாட்சை அழுத்துகிறார்.
"எலெக்‌ஷன் டூட்டியிலகூட இவ்ளோ எண்ணல பாப்பா."

மழைத் தண்ணீரில் அரைமணிக்கு
எட்டு, ஒன்பது, எட்டு, பத்து, எட்டு.
ஒகேனக்கல் குழாயில் ஒன்றிரண்டு குறைவு.
காலேஜ் போரில் ஆறு, ஏழு.

நான்காவது
எங்கள் தெரு அடிபம்பில்
விடியலில் நானே அடித்துப் பிடித்தது.
இதிலும் கை நீள்கிறது. இரை ஒட்டுகிறது, துடித்து அடங்குகிறது.
கை வளைந்து உச்சிக்கு வருகிறது.
அங்கே இன்னும் வாய் இல்லை.
நாற்பது, என்கிறார் அண்ணன். ஐம்பது. எழுபது.
"தொறடி" என்று கத்திவிட்டேன்.

செண்பகவல்லி மேடம் நோட்டைப் புரட்டினார்.
மூன்று, இரண்டு, மூன்று, ஒன்று, இரண்டு.
"எது எந்தத் தண்ணின்னு தெரிஞ்சுதான் எண்ணினியா?"
"ஆமா மேடம்."
"அப்ப இது கணக்குல சேராது.
நாளைக்கு அவர் சீட்டு ஒட்டட்டும். உனக்குத் தெரியக் கூடாது."

நியாயம்தான்.
உதட்டைச் சேர்த்து வைத்தே தலையாட்டினேன்.
பத்தாவது ஹால் டிக்கெட் போட்டோவிலிருந்து
நன்றாகப் பழகிய வேலை.
உள்ளே பல்லுக்குப் பல் பழுப்புக் கோடு,
எங்கள் தெரு மொத்தமும் ஒரே கையெழுத்து.

மறுநாள் கிண்ணங்களில் க, ங, ச, ஞ.
எதற்கு எது என்பது அண்ணன் சட்டைப்பையில்.
ஜன்னலைப் பார்த்து நின்றுதான் நொடி சொன்னார்.
என் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவாராம்.

ங-வில் ஒன்று, மூன்றாவது,
கையெல்லாம் இரையோடு நின்றது, நின்றுகொண்டே இருந்தது.
எந்தத் தண்ணீர் என்று யோசிக்கவில்லை
என்று எழுதினால் பொய்.
எண்பத்திரண்டில் கிழிந்தது.
எழுதினேன்: எண்பத்திரண்டு.
ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது,
நானும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது.

லாரி ஏதும் வரவில்லை.
அண்ணன் எண்பத்து மூன்று என்றார்.