பொருந்தவில்லை

செக்காலை ரோடு ரேஷன் கடையில்
மெஷின் மூன்றாம் முறையாகச் சொல்கிறது
பொருந்தவில்லை.

"நல்லாத் துடைச்சிட்டு வைங்கக்கா" என்கிறான் சேவுகன்.
தலைப்பில் துடைத்து
வேறு விரல் வைக்கிறேன்.
பின்னால் பதினோரு பேர்,
வெயில்.

விரல் நுனி புதுப் பீங்கான் மாதிரி வழுவழுக்கிறது.
வரிகள் எங்கே போயின.
தோல் இறுகி இறுகி
போன ஆடியில் மோதிரத்தை
ஆசாரி அறுத்துத்தான் எடுத்தார்.
மார்கழித் தண்ணீர் பட்டால்
முதலில் வெள்ளை, அப்புறம் நீலம், அப்புறம் சிவப்பு.
"பேரு பஞ்சவர்ணம், இன்னும் ரெண்டு பாக்கி"
என்று சிரித்தான் மகன்.
மதுரைக்குப் போய்வந்த பிறகு சிரிக்கவில்லை.

மதுரை டாக்டரம்மா
மருந்துச் சீட்டின் பின்பக்கம்
வட்டம் வட்டமாகப் போட்டார்.
இது டி செல், இது பி செல்.
இதில் ஒரு வகை
மற்றதைப் பார்த்துப் போதும் என்று அதட்டும்.
உங்களுக்கு அது குறைச்சல்.
கூச்சல் போடுகிற வகை கூடியிருக்கிறது,
திருடன் வந்துவிட்டானென்று
ராப்பகலாக.
"யாரும் வரலைம்மா" என்றார்.

அதில் எனக்குப் புரிந்துபோனது.
பள்ளத்தூரில் நான் திறந்து பூட்டும் வீட்டுக்கு
அறுபத்திரண்டு சாவி.
பினாங்கிலிருந்து முதலாளி
ஒரு ராத்திரி சொல்லாமல் வந்து இறங்கினார்.
வாட்ச்மேன் புதுசு.
பிடரியில் ஒரே போடு, ஒன்பது தையல்.
நான்தாண்டா வீட்டுக்காரன் என்று அவர் கத்தக் கத்த
திருடன் கத்துகிறான் என்றே
இவன் காதில் விழுந்திருக்கிறது.
மறுநாள் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

நான் யாரை அனுப்ப?
என் காவல்
என் எலும்புக்குள்ளேயே பிறந்து வருகிறது,
தினம் புதிது புதிதாக.
மாத்திரை போட்டுத் தூங்க வைத்தால்
நிஜத் திருடன் நுழைகிறான்.
போன மாதம் வெறும் சளி,
பன்னிரண்டு நாள் படுக்கை.

ஆராய்ச்சிக்கு எட்டு மில்லி ரத்தம் கேட்டார்கள்.
இதனால் உங்களுக்கு இப்போது பலன் எதுவும் இல்லை
என்று வாசித்தும் காட்டினார்கள்.
அந்த நேர்மைக்காகவே கொடுத்தேன்.
குழாயில் பேர் கிடையாது, முப்பத்தேழு என்ற எண்தான்.
செல்களை ஒற்றை வரிசையில் விட்டு
ஒவ்வொன்றின் மேலும் லேசர் அடித்து
நீ யார், நீ யார் என்று கேட்குமாம் ஒரு மெஷின்.
அங்கேயும் கியூ.
ஏதாவது ஒன்று
எனக்கு இவளைத் தெரியும் என்று சொல்லியிருக்குமா?
ரிப்போர்ட் நமக்குத் தர மாட்டார்கள்.

சேவுகன் கண் மெஷினை எடுக்கிறான்.
"சிமிட்டாதீங்க."
கண்ணீர் ஊறாத கண்ணில்
மணல் அரிக்கிறது.
சிமிட்டவில்லை.

பச்சை விளக்கு.
ரசீதில் பஞ்சவர்ண என்று நிற்கிறது,
கடைசி எழுத்துக்கு இடமில்லாமல்.
இருக்கட்டும்.
சீனியைக் கட்டித் தரச் சொல்கிறேன்,
முடிச்சு என் விரலுக்கு வராது.