நாற்பத்திரண்டு கோடுகள்

டிபன் பாக்ஸில் விழுந்த சீட்டுகளை
வாசுகி மிஸ் இரண்டு முறை எண்ணினார்.
பதினொன்று, ஒன்பது.
வானியல் மன்றத் தலைவி பெர்னதெத்.
தோற்றவன் செயலாளர் ஆக வேண்டும் என்று
எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ,
என் கைக்கு ஒரு நீள நோட்டும்
நூல் கட்டிய பேனாவும் வந்தன.

ஜெயித்தால் பேச என்று
பீரோ கண்ணாடி முன்னால் நின்று
ஒன்றரைப் பக்கம் மனப்பாடம் செய்திருந்தேன்.
அவள் எழுந்து கேட்டது ஒன்றுதான்:
"மொட்டை மாடி சாவி யாருகிட்ட இருக்கு?"
இதெல்லாம் ஒரு தலைவியா என்று
நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி
உடனே அடித்தேன்.
அடித்தது இன்னும் படிக்க முடிகிறது.

ஐப்பசி. இரண்டு நாள் மழை விட்டிருந்தது.
கல்லூரியில் இரவல் வாங்கிய தொலைநோக்கி
ராயபுரம் பாலம் ஏறி
ஆட்டோவில் மடிமேல் வந்தது.
துறைமுகத்து விளக்குகள் ஒரு பக்கம்,
காசிமேட்டுக் காற்று ஒரு பக்கம்,
நடுவில் எங்கள் மாடி.
டார்ச்சுக்கு ஸ்வீட் பாக்ஸின் சிவப்புத் தாள் சுற்றி
ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள்,
யாருக்கும் கண் கூசாமல் இருக்க.

ஆறாம் வகுப்பு முதலில் என்றாள்.
அம்மாக்கள் பிறகு. மன்றத்துக்காரர்கள் கடைசி.
முணுமுணுத்தவர்களில் நானும் உண்டு.
ஒருவர் பார்த்து நகர்ந்தால்
ஒரு கோடு போட வேண்டும், அது என் வேலை.

வாட்ச்மேன் சம்சாரம் கண்ணை வைத்துவிட்டு
"ஸ்டிக்கர் ஒட்டி ஏமாத்துறீங்க" என்றார்.
நிஜமாகவே அப்படித்தான் இருந்தது சனி:
சின்னதாய், சுத்தமாய்,
வளையத்தோடு வெட்டி ஒட்டியதுபோல.
நம்ப முடியவில்லை.
நம்புவதற்காக மறுபடி வரிசையில் நின்றேன்.
தலையைக் குனிந்து, குரல் கொடுக்காமல்,
மூன்று பேருக்குப் பின்னால்.
டார்ச்சின் சிவப்பு என் செருப்பில் விழுந்தது,
நின்றது, நகர்ந்தது.
பார்த்தேன். கைப்பழக்கத்தில்
ஒரு கோடும் போட்டேன்.

வரிசை தீர்ந்து
அவள் டார்ச்சை அணைத்துக் குனிந்தபோது
கடல் பக்கமிருந்து மேகம் ஏறிவிட்டது.
பத்து நிமிடம் குனிந்தே இருந்தாள்.
கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது.

வருகைக் கையெழுத்து நாற்பத்திரண்டு.
என் கோடுகளும் நாற்பத்திரண்டு.
வந்த அனைவரும் கண்டு களித்தனர்
என்று எழுதினேன்.
எந்த ஆடிட்டர் வந்தாலும்
பிழை சொல்ல முடியாத கணக்கு.

திங்கள்கிழமை ரெசஸில்
நோட்டைத் திருப்பிப் படித்தாள்.
அந்த எண்ணின்மேல் பேனா நின்றது.
நான் என் ஷூ லேஸைக் கட்டினேன்,
கட்டியிருந்ததையே அவிழ்த்து.
கையெழுத்துப் போட்டு மூடிவிட்டுச் சொன்னாள்:
"தஸ்தகீர், அடுத்த தடவை வரிசையை நீ பாத்துக்கோ.
கணக்கு நான் எழுதுறேன்."

தை மாதம், வியாழன்.
டார்ச் என்னிடம்.
வரிசையில் நிற்பவனுக்குத் தெரியாது,
வரிசையைப் பார்க்கிறவனுக்கு
எல்லார் செருப்பும் தெரியும் என்று.
வார் அறுந்து ஊக்கு குத்திய நீலச் செருப்பு
இரண்டாம் முறை வந்து நின்றது.
முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.
வெளிச்சத்தை அவன் காலில் வைத்தேன்.
நின்றேன்.
நகர்த்தினேன்.

எட்டேகால். எட்டரைக்கு ஆட்டோ.
இன்னும் பதினேழு பேர்.
"பெர்னதெத், நீ போ."
"எழுதி முடிச்சிட்டு வரேன்."
நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.
வரிசை கத்தியது. மிஸ்கூட
"என்னப்பா இது" என்றார்.
அவள் குனிந்தாள்.
நான்கு நிலா, நான்கு நிலா என்று
யாரிடமோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

டார்ச் ஒரு கையில், நோட்டு ஒரு கையில்.
பேனா நூலில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.
அன்றைக்குக் கோடுகளின் கணக்கு
எதோடும் ஒத்துப்போகவில்லை.