நாலாயிரத்துப் பன்னிரண்டு

மூன்று வருடம் முன்பு, ஓ.டி. நிறைய விழுந்த ஒரு மாதத்தில்,
எழுநூற்றுத் தொண்ணூறு வெள்ளி கட்டினேன்
உலகத்தில் இன்னும் இல்லாத ஒரு பொருளுக்கு.
கையடக்கத் தட்டச்சுப் பெட்டி.
மடித்தால் சோப்பு டப்பா,
விரித்தால் சாம்பல் நிறத் திரை.
எழுதுவதைத் தவிர வேறெதற்கும் உதவாதாம்.
அதற்காகத்தான் கட்டினேன்.

ஆதரவாளர் எண் 4012 என்று
நன்றிக் கடிதம் வந்தது.
வாங்கியவள் என்று போடவில்லை. ஆதரவாளர்.
அநாதைப் பிள்ளையைத் தூக்கி வளர்த்த மாதிரி.

பிறகு மாதம் ஒரு சமாதானம்.
கீல் உடைகிறது. பேட்டரிக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை.
சீனப் புத்தாண்டு. மறுபடியும் கீல்.
நிறுவனருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, படம் இணைப்பில்.
போன வருடம் அந்தக் குழந்தை நடந்தே விட்டது.

சனிக்கிழமை கொம்தாரில்,
நோர் அஸ்லினாவின் ஃபோனுக்குக் கண்ணாடி மாற்றப் போன இடத்தில்,
படிக்கட்டோரக் கடையில்,
பவர் பேங்குகளுக்கும் சாயம் போன ஃபோன் உறைகளுக்கும் நடுவே
அது இருந்தது,
பெயர் சுரண்டிய முதுகோடு.
முகூர்த்தத்துக்கு வராமல் போன மாப்பிள்ளையைப்
பாசாரில் மீன் பேரம் பேசக் கண்ட மாதிரி
நின்றுவிட்டேன்.

முந்நூற்றைம்பது என்றார் ஊய்.
ஒரிஜினல், காக். பெட்டி மட்டும் இல்லை.
எங்கிருந்து வந்தது?
மோவாயால் கடலைக் காட்டினார்.
வாரண்டி?
அந்தப் படிக்கட்டு வரைக்கும்.

கோபம் வராமல் இல்லை.
அதற்குள் வாய் விலை குறைக்கத் தொடங்கியிருந்தது.
முந்நூறுக்கு முடிந்தது.
ஆக மொத்தம் ஆயிரத்துத் தொண்ணூறு வெள்ளி என்று
பஸ் ஏறும்வரை அஸ்லினாவிடம் சொல்லவில்லை.
சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில்
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ராத்திரி பின்மூடியைக் கழற்றினேன்.
பதினோரு வருடமாக பாயான் லெப்பாஸில்
நுண்ணோக்கியின் கீழ் போர்டு பார்க்கிறவள் நான்.
பேட்டரிக்கு அடியில், எதிர்பார்த்த இடத்திலேயே,
சிவப்பு மைப் புள்ளி.
தேறாததற்கு நாங்கள் வைக்கும் பொட்டு.
ஷிஃப்டுக்கு நாற்பது வைப்பேன்.
அதெல்லாம் எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை,
நசுக்கிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாக்கி வராத ஃபேக்டரி பின்கதவால் விற்றதோ,
காவலாளி கோணியில் அள்ளினானோ,
ஊய்க்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார்.
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
ஈயம் சரியாகப் பிடிக்காத ஒரு கால்.
பற்றவைத்தேன். ஐந்து நிமிடம்.

திரை விழித்துக்கொண்டது.
எங்களை நம்பியதற்கு நன்றி, எண் 977.

யார் அந்த 977?
எந்த ஊரில் இருக்கிறார்,
இன்னமும் கீலைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறாரா?
மூடி வைத்துவிட்டேன்.
இரண்டு நாள் தொடவில்லை.
மூன்றாம் நாள் மளிகைச் சாமான் பட்டியல் எழுதினேன், ஒரு பழக்கத்துக்கு.
விசைகள் நன்றாகவே இருக்கின்றன,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

புதன்கிழமை கடிதம் வந்தது.
இறுதிக் கட்டத்தில் இருக்கிறோம்,
அன்புள்ள 4012, முகவரியை உறுதி செய்யவும்.

ஆயர் ஈத்தாம் வீட்டை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது.
புதிய முகவரியை இதில்தான் முதலில் தட்டினேன்,
இன்னும் தயாராகவில்லை என்று அவர்கள் சொல்லும் இதில்.
எழுத்துப்பிழை பார்த்தேன்.
பிறகு ஃபோனை எடுத்து
ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அனுப்பினேன்.

சுங்கை ஆரா, 11900.
மணி வேலை செய்யாது. கதவைத் தட்டவும்.