இருபத்திரண்டு செக்கன்

பண்டாரவளை ஏற்றத்தில்
சிவப்புக்கு நிற்பது லேசில்லை.
லீக்ஸ் மூட்டைகளோடு லொறி நின்றால்
கிளீனர் பையன் குதிப்பான்,
பின்சக்கரத்தடியில் கட்டையைச் செருகுவான்,
பச்சை விழுந்ததும் பிடுங்கிக்கொண்டு
ஓடுகிற வண்டியில் தொற்றுவான்.
போன மாரியில் ஒருவனுக்கு
மூன்று விரல் போனது.

அதற்குப் பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

நான்கு கம்பம்.
ஒவ்வொன்றின் கழுத்திலும்
சோப்புப்பெட்டி அளவில் ஒரு ரேடியோ.
வீதியைக் கிண்டிக் கம்பி இழுக்க
நகரசபையிடம் காசில்லை.
காற்றைக் கிண்ட வேண்டியதில்லை.

கீழ்க்கம்பம் மேல்கம்பத்துக்குச் சொல்லும்:
ஒரு பாரம் புறப்பட்டுவிட்டது,
இருபத்திரண்டு செக்கனில் உன்னிடம் வரும்,
பச்சையாய் இரு.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்
மலையின் முழங்கை.
சொன்னது போய்ச் சேரவில்லை.
நியாஸ் பேக்கரிக் கூரையில்
இன்னொரு பெட்டி வைத்தோம்,
கேட்டதைத் திருப்பிச் சொல்வது மட்டும் அதன் வேலை.
வாடகை வேண்டாம் என்றார் நியாஸ்.
புகைபோக்கியில் கை வைக்காதீங்க, அவ்வளவுதான்.

அடைமழையில்
டர்பன்டைன் மரங்கள் நனைந்து தடித்து
பாதிப் பேச்சைக் குடித்துவிடும்.
அப்போது ஒவ்வொரு கம்பமும்
தன் மணிக்கூட்டை மட்டும் நம்பும்.
ஒன்று பிந்தும், ஒன்று முந்தும்,
கான்ஸ்டபிள் ஏக்கநாயக்க
மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு
சந்தியின் நடுவில் வந்து நிற்பார்.
அவர் கை நனையும்,
அறுந்ததில்லை.

எல்லாம் கணக்குப் போட்டிருந்தோம்,
நானும் லோகராணியும்.
சரிவு, பாரம், கியர், மூடுபனி.
சாரதியின் காலை மட்டும் மறந்துவிட்டோம்.

முதல் பச்சை, சரி.
இரண்டாவது, அதிர்ஷ்டம்.
மூன்றாவதும் பச்சையென்றால்
இதில் ஏதோ சூது இருக்கிறதென்று
பிரேக்கைத் தொட்டுப் பார்க்கிறது
பதினைந்து வருசமாய்ச் சிவப்பில் மாட்டிய கால்.
இருபத்திரண்டு இருபத்தொன்பதாகிறது.
நான்காவது சிவந்துவிடுகிறது.

பாத்தியா, நான் சொன்னேன்ல என்கிறார் சாரதி.
பையன் குதிக்கிறான்.

லோகராணிதான் சொன்னாள்,
நம்பாதவங்களுக்கும் சேர்த்துப் போடுவோம்.
மேல்கம்பத்தில் ஏழு செக்கன் கூட்டினோம்.
குறுக்கு வீதியில் ஓட்டோக்கள்
ஹோர்ன் அடித்துத் திட்டின.
அறிக்கையில் அந்த ஏழுக்கு
வேறு பெயர் எழுதினோம்,
கொழும்பில் இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி.

நேற்று விடிய மூன்று மணி.
சாத்திய கடையொன்றின் படியில்
போர்வைக்குள் மடிக்கணினியோடு நான்.
வெலிமடைப் பக்கமிருந்து ஒரே ஒரு லொறி.
ஒன்று. இரண்டு.
மூன்றில் பிரேக் விளக்கு மினுங்கியது.
வழக்கம்போல.
முனகிக்கொண்டு முழங்கையில் திரும்பி
நான்காவதையும் தாண்டியது, நிற்காமல்.

கோவா மூட்டைகளின் மேல்
பையன் வாயைத் திறந்தபடி தூங்கினான்.
கட்டை அவன் நெஞ்சில் கிடந்தது,
இரண்டு கையும் அதன்மேல்.

திரையில் ஒரு வரி:
நான்கிலிருந்து மூன்றுக்கு, பாரம் கடந்தது.
இன்னொரு வரி:
மூன்று, கேட்டது.

நியாஸ் அடுப்பு மூட்டத் தொடங்கியிருந்தார்.