ஐம்பதில் சரியாகத்தான் இருந்தது

இரவு இரண்டேகாலுக்கு வயர்லெஸ்ஸில்
யூசோவின் குரல்:
"மூடச் சொன்னேன். ஏறுகிறது."

ஏரிக்கரையில் ஒன்பது நாள் ஆறிக் கிடந்த ஆலை
அன்றுதான் மூச்சுவிடத் தொடங்கியிருந்தது.
கூழ் வேகும் அந்த அழுகிய முட்டைக்கோஸ் வாடை
பனிக்குள் நடந்து போய்
சம்பளம் உண்டு, சம்பளம் உண்டு என்று
வீடுவீடாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

வெதுநீர்த் தொட்டி.
மட்டம் அறுபதில் நிற்க வேண்டும்.
அறுபத்திரண்டு ஆனதும் கணினி, வால்விடம் நாற்பத்தெட்டு என்றது:
கொஞ்சம் மூடிக்கொள் என்று பொருள்.
அறுபத்தைந்து. நாற்பது என்றது.
எழுபது. முப்பது.
கெஞ்சக் கெஞ்ச ஏறியது தண்ணீர்.
யூசோ தானியங்கியை விலக்கிவிட்டு
தன் கையால் பூஜ்யம் கொடுத்தான்.
அதோடு தொட்டி வழிந்தது.

படியிறங்கி ஓடினேன்.
ஆவியில் மூக்குக்கண்ணாடி வெளுத்தது, கழற்றிப் பைக்குள் போட்டு
தடவித் தடவிக் கைச்சக்கரத்தைப் பிடித்தேன்.
இருபத்து மூன்று சுற்று.
நீர் அடங்கியபோது
பூட்ஸ் இரண்டும் நிறைந்திருந்தன.

"பத்து கொடு" என்றேன்.
தண்டின் முள் தொண்ணூறில் போய் நின்றது.
"இருபது."
எண்பது.
"எண்பது."
இருபது.
அடங்காத வால்வு என்று சொல்ல முடியாது.
ஒரு சொல்லையும் தட்டவில்லை.

"ஐம்பது" என்றான் யூசோ, அவனாகவே.
ஐம்பது.

அங்கேதான் எனக்கு வயிறு கலங்கியது.

வியாழக்கிழமை, கேன்டீனில் பட்டாணி சூப் நாள்.
புதுப் பொசிஷனரை மாட்டியது நான்.
சின்னத் திரையில் இரண்டு சொற்கள்: நேர், எதிர்.
கையுறையோடு அழுத்தினேன்.
ஐம்பது கொடுத்துப் பார்த்தேன், ஐம்பதில் நின்றது.
ஐந்து இடங்களில் பார்க்கச் சொல்லும் தாள் அது.
ஐந்து கட்டங்களிலும் ஒரே பேனா, ஒரே சாய்வு,
அடியில் ஹில்க்கா ரௌத்தியோ என்ற கையெழுத்து.
சூப் சூடாகத்தான் இருந்தது.

நேரும் எதிரும் உரசிக்கொள்ளாத ஒரே இடம்
அந்த நட்டநடு.
அங்கே பொய்யும் மெய்யும் ஒரே எண்ணைக் காட்டும்.
அங்கே மட்டும் போய்ப் பார்த்துவிட்டு
திரும்பியிருக்கிறேன்.

யூசோ நல்லவன். குரலைத் தாழ்த்தினான்:
"இங்கே திரையில் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும்.
நான் தலைகீழாகச் சொல்கிறேன்,
அது தலைகீழாகக் கேட்டுக்கொள்ளட்டும்.
ரெய்மோ வருவதற்குள் தரை காய்ந்துவிடும்."

உண்மைதான். ஓடும்.
அப்படி ஓடுகிற வீடுகளை எனக்குத் தெரியும்,
ஒன்றில் பதினோரு வருடம் இருந்தேன்.

ஆனால் ஒருநாள் கம்பி அறும்.
எலி கடிக்கும், ஃபோர்க்லிஃப்ட் இடிக்கும்.
சொல் எதுவும் வராதபோது
மூடிக்கொள்வதற்காகத்தான்
இதற்குள் ஒரு ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள்.
இப்படியே விட்டால்
மௌனத்தையும் இது 'முழுக்கத் திற' என்றே கேட்கும்.
அந்த நேரத்தில் கீழே தரை கழுவிக்கொண்டிருப்பவருக்கு
நம் ஒப்பந்தம் தெரியாது.

"இல்லை" என்றேன்.
வேறெதுவும் அவன் கேட்கவில்லை.

கையுறையைக் கழற்றி, மூடியைத் திறந்து,
வெறும் விரலால் அந்தச் சொல்லை மாற்றினேன்.
பூஜ்யம், இருபத்தைந்து, எழுபத்தைந்து, நூறு.
ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை.
கம்பியையும் கழற்றிப் பார்த்தேன்:
உஸ்ஸென்று காற்றை விட்டு
மூடிக்கொண்டது.
ஐம்பதையும் கேட்டேன்.
அது வழக்கம்போலச் சரியாக இருந்தது.

புதுத் தாளைப் பழையதன் மேல் வைத்துக் கோத்தேன்.
பழையதைக் கிழிக்கவில்லை.

காலையில் ரெய்மோ இரண்டையும் படித்தார்,
ஜன்னலைப் பார்த்தார்,
"நோ நீன்" என்றார். எங்கள் ஊரில் அது
ஆகட்டும் என்பதும் ஆகாது என்பதும்.
எது என்று கேட்காமல் வீட்டுக்குக் கிளம்பினேன்.

பாதி வழியில் நினைவு வந்தது:
காலுறைகள் கட்டுப்பாட்டு அறை ஹீட்டரின் மேலேயே இருக்கின்றன.