மஞ்சள் சுத்தியல்

நீதிமன்றத் தாளில் எழுதியிருக்கிறது:
வெள்ளி மாலை ஆறு முதல்
ஞாயிறு மாலை ஆறு வரை
நான் அப்பாவின் பொருள்.
(பொருள் என்று எழுதவில்லை,
அது நானாகச் சேர்த்தது.)

அவர் வீட்டில் இருப்பது ஒரே வாணலி.
அதனால் போர்த்தோ நகரம் முழுக்க
எங்கள் சமையலறை.
சனிக்கிழமை பொல்யாவ் சந்தையில்
மீன்காரி சுல்மீரா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாள்,
"வாடி என் நெத்திலி" என்பாள்.
ஐஸின் மேல் மத்திகள்
தலைமையாசிரியர் நுழைந்த வகுப்பு மாதிரி
வாய் திறந்தபடி ஒரே பக்கம் பார்த்துக் கிடக்கும்.

அப்பாவுக்குப் பேரம் வராது.
இரவுப் பேருந்து ஓட்டுகிறவர்.
"ஓட்டுநருடன் பேசாதீர்கள்" என்ற பலகை
வெயிலிலும் அவர் முதுகில் தொங்குகிறது.
சொன்ன விலையைக் கொடுப்பார்,
மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போடுவார்.
நான் எண்ணுவேன்.

ருசி பார்க்கச் சீஸ் துணுக்கு நீட்டுவார்கள்,
ஒரு ஆலிவ், வெயில் தெரியும் அளவுக்கு மெல்லிய இறைச்சிச் சீவல்.
ஒரு சுற்றில் பாதி வயிறு.
இரண்டாம் சுற்றுக்கு முன்
அப்பா தொப்பியைக் கழற்றிவிடுவார்,
வேறு ஆள் என்று நினைக்கட்டும் என்று.

இந்த வருஷம் சான் ஜுவாவ் திருவிழா
எங்கள் சனிக்கிழமையின் மேல் வந்து விழுந்தது.
ஆறு யூரோவுக்கு இரண்டு பிளாஸ்டிக் சுத்தியல்,
எனக்குப் பச்சை, அவருக்கு மஞ்சள்.
அன்றிரவு யார் தலையிலும் யாரும் அடிக்கலாம்.
கீச் என்று கத்தும்.
அடிபட்டவர் கோபிக்கக் கூடாது,
சட்டம் அவ்வளவுதான்.

பலூன்காரர், ஒரு பாதிரியார்,
முத்தத்தில் இருந்த இருவர் (தலைக்கு ஒன்று),
ரோந்து வந்த போலீஸ்காரி.
நாற்பத்தேழு வரை எண்ணினேன்.
அப்பா மழை நின்ற குடையைப் போல
சுத்தியலைக் கக்கத்தில் இடுக்கியே நடந்தார்.

தொட்டிச் செடி ஒன்று வாங்கித் தந்தார்,
திருநீற்றுப்பச்சை வாசம், கடுகத்தனை இலை.
"மூக்கை வைக்காதே, வாடிவிடும்.
கையால் தொடு. கையை முகர்ந்துகொள்."
அன்றைக்கு அவர் பேசியதில்
அதுதான் நீளம்.

மத்தி வாட்டும் புகையில் வரிசை நகரவில்லை.
எங்களுக்கு முன்னால் நின்றவர் திரும்பினார்.
ஃபவுஸ்து.
அம்மா வீட்டில் இப்போது இருக்கும் செருப்புகளின் சொந்தக்காரர்.
கையில் பழைய வழக்கப்படி
பூவோடு நீண்ட பூண்டுத் தண்டு.
"இரியாவின் அம்மாவுக்குப் பல்வலி" என்றார்,
யாரும் கேட்கவில்லை.

ஐந்து மத்தி வேகும் நேரம் யாரும் பேசவில்லை.

அப்பா கக்கத்திலிருந்து மஞ்சளை எடுத்தார்.
கீச்.
கீச்.
மூன்றாவது கொஞ்சம் பலமாக.
வரிசையே சிரித்தது. கண்ணாடி நழுவி
மூக்கு நுனியில் நின்றது ஃபவுஸ்துவுக்கு.
அவர் நிதானமாகத் தண்டை உயர்த்தி
அப்பாவின் மூக்கில் பூவைத் தேய்த்தார்.
அப்பா தும்மினார். மறுபடி தும்மினார்.
பேருந்து பிரேக் போட்டது போல இருந்தது,
நான் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன்.

மேஜை ஒன்றுதான் காலி.
ரொட்டியின் மேல் மீன் வைத்து, எண்ணெய் ஊற ஊறத் தின்றோம்.
பழக்கத்தில் ஃபவுஸ்துவின் விரல்கள்
என் மத்தியின் முள்ளை எடுக்கப் போயின.
அப்பா தன் தட்டைப் பார்த்தார்.
"எனக்கே எடுக்கத் தெரியும்" என்றேன்.
தெரியாது.
ஒரு முள் தொண்டையில் நின்றது,
இருவரும் ஒரே நேரத்தில்
ரொட்டியை நீட்டினார்கள்.
நான் பெரிய துண்டை வாங்கிக்கொண்டேன்.
யாருடையது என்று சொல்லமாட்டேன்.

நள்ளிரவில் ஆற்றின் மேல் வாணவேடிக்கை.
மஞ்சள் சுத்தியல் விரிசல் விட்டிருந்தது.
வீட்டுக்கு வந்து அப்பா தன் தலையிலேயே
அடித்துப் பார்த்தார். சத்தம் வரவில்லை.

ஞாயிறு, மணி ஆறு.
செடி அவர் ஜன்னலிலேயே இருக்கட்டும் என்றேன்.
அழைப்புமணி அடித்ததும்
உள்ளே செருப்புச் சத்தம்.
அப்பா என் தலையை ஒரு தரம் தொட்டார்,
படியிறங்கும்போது
அந்தக் கையை முகத்தருகே கொண்டுபோனார்.